கீழே நின்று ஒரு குரல்

மராப்பி மலையிலிருந்து இறங்கிய பனி இன்னும் வயலை விட்டு விலகவில்லை. எருமைக் கொம்பாய் வளைந்த கூரையிலிருந்து சொட்டும் நீர், முற்றத்தில் காயப்போட்ட இலவங்கப்பட்டைச் சுருள்களை நனைக்கிறது. யாரும் எடுத்து வைக்கவில்லை. மரப்படியின் கடைசித் தட்டில் உட்கார்ந்து சுல்பஹ்ரி செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் ஒரே ஒரு துணிப்பை. முப்பத்தொரு வருடம் வாழ்ந்த வீடு இது. மனைவி யுஸ்னிதாருக்கு அவள் தாய்வழியில் வந்தது; இந்த ஊரில் வீடு பெண்வழிக்கே சேரும், ஆண்கள் மனைவி வீட்டில்தான் வாழ்வார்கள். பிள்ளைகள் இல்லை. அவள் இறந்த நூறாம் நாள் விருந்து நேற்று முடிந்தது. இனி இது அவள் தங்கை எர்மாவின் வீடு. அவருடைய தாய்வீட்டில் அக்காவின் பெண்களைக் கட்டிய மருமகன்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். துணையில்லாத கிழவர்கள் தங்கும் ஓடைக்கரைத் தொழுகைக்கூடத்தில்தான் பாய் விரிக்க இடம் உண்டு.

எர்மா வாசலில் நிற்கிறாள். "கொஞ்சம் சோறாவது சாப்பிட்டுப் போங்க அத்தான்."

"வேண்டாம்மா. அங்க டீ போட்டு வெச்சிருப்பாங்க."

"அந்தக் கிழவனுங்க குறட்டை தாங்காதுன்னு அக்காகிட்ட சொல்வீங்களே?"

"இனிமே என் குறட்டையும் சேந்துக்கும்."

சிரிக்கத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொள்கிறாள். அவர் எழுந்து பையைத் தோளில் மாட்டுகிறார்.

"மேற்கு ஜன்னல் கொக்கி ஆடுது. வெள்ளிக்கிழமை வந்து மாட்டித் தரேன்."

"வாங்க." அவள் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொள்கிறாள், அவர் முகத்தைப் பார்க்காமல். "கீழயே நின்னு ஒரு குரல் குடுங்க அத்தான்."

அவர் தலையாட்டுகிறார். இந்த வீட்டை வெளியே நின்று அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

"என்னன்னு கூப்பிடட்டும்?" என்று கேட்கிறார்.