செலஸ்டின் பெயரில் ஓர் ஆட்டம்

செலஸ்டினின் சிகிச்சைக்குப் பணம் திரட்ட என்றுதான் மாதா கோயில் மண்டபத்தில் தம்போலா என்னும் எண் விளையாட்டை நடத்த அனுமதி கொடுத்திருந்தார்கள். அன்று மதியம் ஆஸ்பத்திரியில் அவன் இறந்துபோனான். சொன்னால் அனுமதி செல்லாது, ஆட்டம் நின்றுவிடும். பக்கத்துக் கட்டிலில் ஒரு சிறுமி ஆபரேஷனுக்குக் காத்திருந்தாள். பணம் அவளுக்காவது போகட்டும் என்று, அவன் மனைவி பிரிசில்லா முகம் கழுவிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தாள்.

மேற்பார்வைக்கு வந்திருந்த அதிகாரி நல்ல மனிதர். "வீட்டுக்காரர் எப்படிம்மா இருக்காரு?" என்று கேட்டார்.

"இருக்காரு சார்."

"ஏதாவது சாப்பிட்டாரா?"

"கொஞ்சம் கஞ்சி குடிச்சாரு. இப்பத்தான் தூங்குறாரு."

அவர் தலையசைத்து ஆட்டத்தைத் தொடங்கச் சொன்னார். மேடையில் முதல் எண்ணை அறிவித்தார்கள். எல்லோரும் தங்கள் சீட்டின் மேல் குனிந்த பிறகு அவள் அழுதாள்.