கைகொடுத்தால் புள்ளி

பார்வையில்லாதவர்களுக்குக் கைகொடுத்து உதவுகிறவர்களுக்கு மாநகராட்சி புள்ளி தர ஆரம்பித்த நாளிலிருந்து தணிகாசலம் நேரத்தோடு வீடு போய்ச் சேர்ந்ததில்லை.

அன்று மாலையும் அலுவலக வாசலில் பஸ்ஸுக்குத்தான் நின்றிருந்தார். யாரோ ஒருவன் வந்து முழங்கையைப் பிடித்தான்.

“வாங்க சார், ரோட்டக் கிராஸ் பண்ணி விடறேன்.”

“நான் எங்கயும் போகலப்பா. பஸ்ஸுக்கு நிக்கறேன்.”

சொல்லி முடிப்பதற்குள் எதிர்ப்பக்கம் கொண்டு போய்ச் சேர்த்துவிட்டான். புள்ளி ஏறியதற்கு அடையாளமாக அவன் செல்போன் ‘டிங்’ என்றது. ஆள் போய்விட்டான். ஒரு பெண்மணியின் புண்ணியத்தில் தணிகாசலம் திரும்ப இந்தப் பக்கம் வந்தார். அவளுக்கும் ஒரு டிங். அதற்குள் பஸ் போயிருந்தது.

முன்பெல்லாம் கைபிடித்தவர்கள் நாலு வார்த்தை பேசுவார்கள். வீடு எங்கே, மழை வருமா என்று ஏதாவது. இப்போது மணி அடித்ததும் கை விலகிவிடுகிறது.

வீட்டுக்குள் நுழைந்தபோது கால்கள் ஓய்ந்திருந்தன. மனைவி புனிதா தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். காபி டம்ளரை அவர் கையில் கொடுத்து, சூடு தாங்கும்வரை தானும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தணிகாசலம் பழக்கதோஷத்தில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். மணி அடிக்கவில்லை.

“நல்லவேள, உன் போன்லயாவது அந்தச் சத்தம் இல்ல,” என்றார்.

புனிதா டம்ளரிலிருந்து கையை எடுத்தாள்.

“சத்தத்த மட்டும் அணைச்சு வச்சிருக்கேங்க,” என்றாள்.