சொன்னது சொன்னபடி

சாயங்கால வெயில் சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அலுவலக உடையைக்கூட மாற்றாமல் அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்கிறாள். ஒலிப்பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கிக் கொடுப்பது அவளுடைய மாலை வேலை. யார் பேச்சாக இருந்தாலும் திக்கல் திணறலை நீக்கி, தலை சீவி, பவுடர் போட்டுத்தான் அனுப்புவாள். இன்று வந்திருப்பது அவளுடைய அலுவலக மேலாளரின் விழா உரை. எழுதுவது யாரென்று அவருக்குத் தெரியாது. “போன மாசம் எல்லார் முன்னாடியும் உன்னை மட்டம் தட்டினாரே, அவரா?” எதிரே பூண்டு உரிக்கும் கணவன் கேட்கிறான். “அவரேதான். ‘இவங்களுக்குப் பேச வராது, உக்காரச் சொல்லுங்க’ன்னாரு.” “வம்பு வேணாமே. தெரிஞ்சா வேலைக்கே உலை வச்சிடுவாரு.” “நான் என்ன பண்ணேன்? அவர் சொன்னதைத்தானே எழுதறேன்.”

விரல்கள் நிதானமாக இறங்குகின்றன. ‘நம்ம வளர்ச்சி வந்து... அதாவது வந்து... என்னன்னா வந்து...’ ஒரு ‘வந்து’வும் விட்டுப்போகக் கூடாதென்று பின்னால் ஓட்டிக் கேட்கிறாள். தொண்டைச் செருமலுக்கும் அடைப்புக்குறிக்குள் இடம் கிடைக்கிறது. மின்விசிறிக் காற்றில் பூண்டுத் தோல் ஒன்று விசைப்பலகையில் வந்து விழ, ஊதித் தள்ளுகிறாள். திடீரென்று குரல் நின்றுபோகிறது. தாள்களைப் புரட்டித் தேடும் சத்தம். கூட்டத்தில் யாரோ இருமுகிறார்கள். இந்த மாதிரி இடத்தில் ‘மௌனம்’ என்று போடுவதுதான் வழக்கம். அவள் அடைப்புக்குறியைத் திறந்து, ‘பேச வரவில்லை’ என்று தட்டி, மூடுகிறாள்.