நாடி நோட்டு

தலையில் அடிபட்டதிலிருந்து ஆரணி நெசவாளர் வீரபாகு மூன்று மாதமாக வாய் திறக்கவில்லை.

"நாடி ஒரே மாதிரி துடிக்கக் கூடாதும்மா. ஏறி இறங்கினாத்தான் மூளை தேறுதுன்னு அர்த்தம். தினமும் எண்ணி எழுதுங்க" என்று டாக்டர் சிவப்பிரகாசம் சொல்லியிருந்தார்.

இன்று மனைவி ஜெயம் நோட்டை நீட்டினாள். காலையில் அறுபத்தெட்டு, மாலையில் எண்பத்திரண்டு.

"பிரமாதம்!" என்று பக்கத்தைப் புரட்டியவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அமாவாசைக்கு அமாவாசை பூஜ்யம்னு எழுதியிருக்கீங்களே?"

"மொதோ அமாவாசைக்கு ஒப்பாரியே வெச்சுட்டேங்க. அப்புறம் பழகிப்பூடுச்சு."

வீரபாகுவின் உதடு அசைந்தது.

"பேஜாருங்க டாக்டர்! அமாவாசைக்கு எங்க தெருவுல யாரும் தறி நெய்ய மாட்டாங்க. இவ என் கையைப் புடிச்சிகினு, எதிர்வூட்டுத் தறிச் சத்தத்தையே எண்ணிகினு இருந்தா!"