கழற்றிய பாகங்கள்

"முடிஞ்சிருச்சுண்ணே. இனிமே இந்தப் பிளேயர் வேற மாதிரி பேசும்," என்றான் தனேஷ்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சர்க்கியூட் போர்டு சோதிப்பது அவன் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டிலேயே சிடி பிளேயர்களைப் பிரித்து, நல்ல பாகங்கள் போட்டு, ஒலியைத் துல்லியமாக்கித் தருவான். கழற்றிய பழைய கெபாசிட்டர்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, பிளேயரைக் கொண்டுவந்த வாசுவிடம் கொடுத்தான். உண்மையிலேயே மாற்றியதற்கு அதுதான் அவன் காட்டும் சாட்சி.

வாசு அட்டையில்லாத ஒரு சிடியை நீட்டினார். "காவடிப் பாட்டு தம்பி. தைப்பூசத்துக்கு வீட்டுக்குக் கூட்டாளிங்க வர்றாங்க. இது நல்லா கேக்கணும், அவ்வளவுதான்."

பாட்டு தொடங்கியது. தனேஷ் கண்களை மூடிக்கொண்டான்.

"கேட்டீங்களா? உறுமி தனியா நிக்குது, ஜால்ரா தனியா நிக்குது. முன்னாடி எல்லாம் ஒரே கலவையா இருந்துச்சில்ல?"

"ஆமா."

"பாடுறவரு மூச்சு வாங்குறதுகூட கேக்குது பாருங்க. மேல போறப்ப சுருதி நழுவுது. பழைய பார்ட்ஸ்ல இதெல்லாம் அமுங்கிப் போயிரும்லா. நான் கைவச்சா எதுவும் ஒளிய முடியாது."

பாட்டு முடிந்ததும் வாசு பிளாஸ்டிக் பையை அவன் பக்கமே நகர்த்தினார்.

"தம்பி, இதையே திரும்பப் போட்டுருங்க."

"ஏண்ணே, சவுண்டு புடிக்கலையா?"

"சவுண்டுல ஒரு குறையும் இல்ல. இருபது வருஷமா, நான் நல்லா பாடியிருக்கேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்."