பெண் வீடும் மாப்பிள்ளை வீடும்

“உன் தம்பி ஒரு போட்டோவுலயாச்சும் சிரிச்சிருக்கானா பாரு! எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி…”

“உங்க மக மட்டும் என்னவாம்? குனிஞ்ச தல நிமிராம…”

“கல்யாணப் பொண்ணுன்னா குனிஞ்சுதான…”

“குனிஞ்சா மொகம் எங்கன தெரியும்? வெள்ளக்காரன் தரையில படுத்துக்கிட்டா பாப்பான்?”

லாமியா மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவள் வேலை பார்க்கும் பிரவுசிங் சென்டரில் கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. அது அணைவதற்குள் எல்லாவற்றையும் ஏற்றியாக வேண்டும். கல்யாணப் பெண் கவிப்ரியா நாளைக்குச் சென்னையில் விசாவுக்குக் கைரேகை வைக்கிறாள், ரயிலேறிவிட்டாள். போன் போட்டால் கிடைக்கவில்லை.

கவிப்ரியாவுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். மாப்பிள்ளை பாண்டீஸ்வரன் லண்டனில் ஹோட்டல் சமையல்காரன், அங்கேயே குடியுரிமை வாங்கிவிட்டவன். மனைவியை அழைத்துக்கொள்ளப் போட்ட விண்ணப்பம் போன தடவை திரும்பி வந்துவிட்டது. இது உண்மையான கல்யாணம்தான் என்று நம்பப் போதிய ஆதாரம் இல்லையாம்.

அந்த ஆதாரத்தைத்தான் இவர்கள் இரண்டு பேரும் நயினார்கோவிலிலிருந்து பை நிறையத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். வரும்போதே சண்டை. “நான் மாப்ளயோட அக்கா, ராக்கு” என்று சொல்லி அந்த அம்மாள் பெஞ்சின் இந்த முனையில் உட்கார்ந்தாள். “நான் பொண்ணப் பெத்தவன், நாகநாதன்” என்று சொல்லி அவர் அந்த முனைக்குப் போனார்.

“இந்தத் தடவையும் திருப்பிட்டான்னா அம்புட்டுத்தேன் தாயி. இப்பவே ஊருல வாழாவெட்டின்னு பேசுறாளுக. அந்தப் புள்ள கோயிலுக்குப் போறதையே விட்டுருச்சு” என்றாள் ராக்கு.

“யாரால? தாலியக் கட்டுன கையோட உன் தம்பி பிளேனப் புடிச்சுட்டான்ல!”

“லீவு முடிஞ்சா போகாம? அவன் என்ன உங்கள மாதிரி மொளகாக் காட்டுக்கு நெனச்சா போயி நெனச்சா வாரவனா?”

“இந்த மொளகாக் காட்டு வருமானத்துலதேன் அவனுக்கு பிளேன் டிக்கெட்டே எடுத்தது. மறந்துறாத.”

“அதச் சொல்லிக்காட்டலேன்னா உங்களுக்குச் சோறு எறங்காதே!”

சொல்லிக்கொண்டே ராக்கு பையிலிருந்து ஒரு வடையை எடுத்தாள். இரண்டாகப் பிட்டுப் பாதியை அவர் பக்கம் தள்ளினாள், முகத்தைப் பார்க்காமலே. அவரும் அவளைப் பார்க்காமலே எடுத்துத் தின்றார்.

சண்டை சண்டையாக இருந்தாலும் சம்பந்தி மரியாதையை விடவில்லையே என்று நினைத்துக்கொண்டாள் லாமியா.

விண்ணப்பத்தை கவிப்ரியாவே வீட்டில் பூர்த்தி செய்திருந்தாள். ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் போடாமல் விட்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்பே நீங்கள் இருவரும் ரத்த உறவா என்ற கேள்வி. மிக நெருங்கிய ரத்த உறவென்றால் அந்த நாட்டுச் சட்டத்தில் கல்யாணமே செல்லாது. வேறொரு குடும்பம் அப்படி மாட்டிக்கொண்டு அழுதது லாமியாவுக்கு ஞாபகமிருந்தது.

மறந்திருப்பாள் பாவம். கேட்கலாமென்று லாமியா திரும்பினாள்.

“உன் தம்பி குடும்பமே அப்படித்தேன். வாய் மட்டும் இல்லேன்னா…”

“என் குடும்பத்த இழுக்காதீக! பெறகு உங்க அய்யா சங்கதியெல்லாம் நான் எடுப்பேன்!”

“எடு, எடு பாப்போம்!”

இரண்டும் வேறு வேறு குடும்பம் என்பதுதான் தெரிகிறதே, இதற்குமேல் என்ன கேட்பது? ‘இல்லை’ என்ற கட்டத்தைத் தட்டினாள். யுபிஎஸ் இன்னும் வேகமாகக் கத்தியது. சமர்ப்பி என்பதையும் தட்டினாள். இனி ஒரு எழுத்தைக்கூடத் திருத்த முடியாது. படங்களை ஏற்றுவது மட்டும்தான் பாக்கி.

தாலி கட்டும் படம் ஏறியது. பாண்டீஸ்வரன் மாசாமாசம் பணம் அனுப்பிய ரசீது ஏறியது. வீடியோ காலில் அவன் வெங்காயம் உரிக்க, இவள் கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் படமும் ஏறியது.

“எல்லாம் கல்யாணத்துக்கு அப்பறம் எடுத்ததாவே இருக்கேம்மா” என்றாள் லாமியா. “அதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் பழகுனதுக்கு ஏதாச்சும் இருக்கா? ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் போதும், கேஸ் பலமாயிரும்.”

வந்ததிலிருந்து முதல் தடவையாக இரண்டு பேரும் சண்டையை நிறுத்தினார்கள். நாகநாதன் நகர்ந்து நகர்ந்து பெஞ்சின் இந்த முனைக்கே வந்துவிட்டார்.

“அத எடு” என்றார், மெதுவாக.

“அவ வேணவே வேணாம்னு சொல்லிட்டுல போனா?”

“வெக்கப்படுறா. நீ எடு.”

ராக்கு சுருக்குப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த பழைய படத்தை எடுத்து, முந்தானையால் துடைத்து, லாமியாவின் கையில் வைத்தாள்.

காதுகுத்துப் படம். தலையில் பெரிய துண்டைக் கட்டிக்கொண்டு அரைக்கால் சட்டை போட்ட பையன் ஒருவன் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். மடியில் மொட்டைத் தலையோடு ஒரு பச்சைப் பிள்ளை வாயைப் பிளந்து அழுதது. ஆசாரியின் ஊசியைப் பார்த்துப் பையனும் அழுதுகொண்டிருந்தான்.

“இதுல யாரும்மா கவிப்ரியா?”

“அந்தா, மொட்டையோட கத்துறாளே, அவதேன். தாய்மாமன் மடியில” என்றார் நாகநாதன். அவர் கை தன்னையறியாமல் ராக்குவின் தோளில் விழுந்தது.

லாமியாவின் விரல் மவுஸின் மேல் அப்படியே நின்றது.

“மொதப் பக்கத்துல போடு தாயி” என்றாள் ராக்கு, கண் கலங்க. “எங்கூடப் பெறந்த தம்பிக்கு நான் பெத்த மகளையே குடுத்திருக்கேன், இதவிட உண்மையான கல்யாணத்த அந்த வெள்ளக்காரன் எங்கன பாத்திருப்பான், சொல்லு?”