வண்டியில் குற்றமில்லை

விட்டு விட்டுச் சாவியைத் திருப்பியதில் எஞ்சின் ஒருவழியாகப் பிடித்துக்கொண்டது.

வைகுண்டராஜ் பானெட் பக்கம் போய்க் குனிந்து, ஆக்சிலேட்டர் கேபிளைக் கையால் இழுத்துப் பார்த்தார். முதலில் ஓர் உறுமல். அதற்கு மேலே, மெலிசாக, ஒரு விசில்.

அவருக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. மகன் பொன்னுராஜ் தெருமுனை திரும்பும்போதே வீட்டுக்குக் கேட்கிற சத்தம் அது. அவன் செத்து ஏழு வருசம் ஆகிறது. சத்தம் மட்டும் நேற்றுப் போய்விட்டு வந்ததுபோலத் திரும்பி வந்திருக்கிறது.

லேத் பட்டறைக்குப் பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மருமகள் பரிபூரணம் கழுவுவதை நிறுத்தினாள்.

தூத்துக்குடி துறைமுகத்தில் ஏலம் போன வெளிநாட்டுக் கார். எண்பத்தேழில், வேண்டாம்லே என்று அப்பா தலைப்பாடாக அடித்துக்கொண்டும் கேளாமல் ராஜபாளையத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தான். டர்போ வைத்த வண்டி. மிதித்ததும் ஒன்றும் நடக்காது. போகவில்லையே என்று இன்னும் மிதித்தால், யாரோ பின்னாலிருந்து பிடித்துத் தள்ளியதுபோலப் பாயும். அதற்குள் காலைத் தளர்த்தத் தெரிந்தவன்தான் இதைத் தொடலாம் என்று ஊரெல்லாம் வகுப்பெடுத்தவன் அவன்.

அப்பேர்ப்பட்டவன் கல்யாணமான மறுவருசமே, ஸ்ரீவில்லிபுத்தூர் போன இடத்தில், மம்சாபுரம் விலக்குக்குப் பக்கம் ஆளில்லாத ரோட்டில் புளியமரத்தில் மோதிச் செத்தான். கூடப் போன பெண்டாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்து, ஒரு கால் இழுத்துக்கொண்டது.

வேகம் என்று போலீஸில் எழுதினார்கள். வேகம் என்றுதான் ஊரும் சொன்னது. ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பிறகு கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

வைகுண்டராஜுக்கு மகன் மேல் ஆத்திரம் ஆறவே இல்லை. ஒரு பெண்பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டுப் போனவனுக்குத் திவசம் ஒரு கேடா என்று உட்கார மறுத்துவிட்டார். மருமகளைத் தன் மகள்போல வைத்துக்கொண்டார். அவள் காலை இழுத்து நடக்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரியும்.

அந்தப் பாழாய்ப்போன வண்டியை எதற்கு மறுபடி எடுத்துக் கட்டுகிறீர் என்று கேட்டவர்களிடம், இரும்பு வீணாகக்கூடாது என்பார். உள்ளே இருந்தது வேறு. பிரேக் பைப்பில் ஓர் ஓட்டை, ஸ்டியரிங் பெட்டியில் முறிந்த ஒரு பல், ஏதாவது கிடைத்துவிட்டால் போதும். பழியை அதன் தலையில் போட்டுவிட்டு மகனை மன்னித்துவிடலாம்.

கழற்றியது ஒவ்வொன்றும் யோக்கியமாக இருந்தது. நசுங்கிய முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்தினார். இறுகிப்போன டர்போவுக்குத் தன் லேத்திலேயே புஷ் கடைந்து போட்டார். எல்லாம் அவனை வைதுகொண்டேதான்.

இப்போது எஞ்சினும் ஓடிவிட்டது. இனி அவனை மன்னிக்க வழியே இல்லை என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது.

பம்புசெட் ஷாஃப்ட்டைக் கடையக் கொடுக்க வந்த கருத்தையா பக்கத்தில் நின்றார். மம்சாபுரத்துக்காரர். அன்றைக்கு இரண்டு பேரையும் வண்டியிலிருந்து இழுத்தெடுத்தவர். எத்தனையோ தடவை பட்டறைக்கு வந்திருக்கிறார், அந்தப் பேச்சை மட்டும் வைகுண்டராஜ் எடுத்ததில்லை. கேட்கிற தைரியம் இல்லை.

இன்று கருத்தையாவே ஆரம்பித்தார். வண்டி உயிரோடு நிற்பதைப் பார்த்ததும் அவருக்கு மனசு தாளவில்லை போலும். பரிபூரணம் டீ எடுத்துக்கொண்டு காலை இழுத்தபடி வந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

வண்டிக்குள் ஒரே தூசியும் புகையுமாம். டிரைவர் கதவு திறக்காமல் கடப்பாரை போட்டு நெம்பினாராம். தம்பிக்கு அப்போது உயிர் இருந்ததாம். என்னை விட்டுவிட்டு அவளைப் பாருங்கள் என்று அந்தப் பக்கம் கைகாட்டியதாம். இதோ, இந்தக் கதவுதான் என்று சொல்லிக்கொண்டே கருத்தையா காரின் வலது பக்கத்துக்கு நடந்து போய்க் கதவைத் திறந்தார்.

குனிந்தவர் அப்படியே நின்றார்.

"ஸ்டேரிங்க எங்கய்யா காணும்?"

 அந்த நாட்டு வண்டிக்கு ஸ்டியரிங் இடது பக்கம். நம்மூர்க் கண்ணுக்கு வலது பக்கம் இருப்பவன்தான் டிரைவர், இடது பக்கம் இருப்பவள் கூட வந்தவள். உயிருக்கு இழுத்துக்கொண்டு கிடப்பவர்களைத் தூக்க ஓடியவர் ஸ்டியரிங்கையா தேடியிருப்பார்?

பரிபூரணம் டீ டம்ளரோடு காரின் இடது பக்கம் வந்து நின்றாள். 

வைகுண்டராஜால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஏழு வருசமாக மகனை வைத வசவெல்லாம் ஒன்றுவிடாமல் நினைவுக்கு வந்தது. அவன் சத்தத்தை இதற்கு மேல் கேட்க அவரால் ஆகாது. இடது ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைப் பிடித்தார்.

"உடனே அமத்திராதிய மாமா," என்றாள் பரிபூரணம். "செத்த நேரம் சும்மா ஓடட்டும், டர்போ சூடு ஆறணும். அன்னைக்கு ஸ்டேரிங்ல ஏறி உக்காந்ததும் அவிய எனக்கு மொதல்ல சொல்லிக் குடுத்தது அதான்."

அவர் சாவியிலிருந்து கையை எடுத்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டார்.